அத்தானுக்கு ஒரு திட்டு

அத்தான் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். மனிதன் எதையும் தானாகத் தேர்ந்தெடுப்பதில்லை, எல்லாமே முந்தைய காரணங்களின் விளைவு, ஆகவே யார்மீதும் குற்றம் சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. இதைச் சொல்லியே கல்யாணமான நாள் முதல் ஒரு காய் நறுக்காமல் தப்பித்து வந்தார்.

என் அக்கா ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறாள். அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்த அன்று வீட்டுக்கு அழைத்துவர வேண்டியது அத்தான்தான். மனிதர் சக ஆசிரியர் ஒருவரோடு வாதத்தில் உட்கார்ந்துவிட்டார். ஃபோனையும் அணைத்துவிட்டார். ஒரு கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தவளைப் பொழுது சாய்ந்த பிறகு நான்தான் போய்க் கூட்டிவந்தேன்.

அத்தான் வந்து காரணங்களை அடுக்கினார். முந்தின நாள் தூக்கம் போதவில்லையாம், எதிராளியின் கேள்வி அப்படிப்பட்டதாம், அவர் மூளை வேறெப்படியும் நடந்திருக்க முடியாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ, "சரிங்க, உங்க மேல தப்பில்ல" என்றாள்.

அதோடு விட்டாளா? பட்டறைக்கு வந்த பழுதான ஃப்ரிட்ஜ் பெட்டியைப் போலவே அவரையும் நடத்த ஆரம்பித்தாள். அவர் செய்துவந்த ஒரே வேலையான பால் வாங்குவது என் தலையில் விழுந்தது. அவரிடம் இருந்த வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுக்குப் போனது. அவரிடம் எதையும் கேட்பதில்லை, கோபிப்பதும் இல்லை. தன் கட்சி ஜெயித்துவிட்டதாக அத்தான் முதலில் துள்ளினார். ஒரு வாரத்தில் ஆள் வாடிப்போனார். அவளுக்குப் பிடித்த கோப்பையை வேண்டுமென்றே போட்டு உடைத்தார். அவள் துடைப்பத்தோடு வந்து, பார்த்துக் கால் வைக்கச் சொன்னாள்.

மறுநாள் பட்டறைக்கே வந்துவிட்டார். நான் விளக்கைப் பிடித்திருக்க, அக்கா ஒரு ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை திட்டேன்" என்றார்.

"ரிப்பேரான பெட்டிய நான் திட்டுறதில்லீங்க. அதை நம்பி உள்ள எதையும் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அத்தான் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "வந்திருக்கலாம். மணி பாத்தேன். அவனை ஜெயிச்சிட்டுப் போலாம்னு உக்காந்துட்டேன்."

அக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். அடக்கிவைத்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. யார் காலடிச் சத்தம் கேட்டாலும் அவர்தான் என்று எழுந்து நின்றதைச் சொன்னபோது அவள் குரல் உடைந்துவிட்டது. அத்தான் ஒரு காரணமும் சொல்லாமல் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

கடைசியில் அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த மாசம் இன்னொரு கண்ணு. நீங்கதான் வரணும்."