கியெயூனேவின் அடக்கம்

கியெயூனே சில நாட்களாக அறைக்குள் நடந்துகொண்டே இருந்தான். உட்கார்ந்தால் நெஞ்சு படபடத்தது, படுத்தால் தூக்கம் வரவில்லை. நீ யாருக்கும் வேண்டாதவன், போய்த் தொலை என்று மனசு ஓயாமல் நச்சரித்தது. ஏன் இப்படி என்று கேட்டால் அவனிடமே பதில் கிடையாது. பைக் டாக்சி ஓடியது, வயிறு நிறைந்தது, பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி நலூலேயும் நன்றாகத்தான் இருந்தாள். போனை அணைத்துப் பாய்க்கு அடியில் போட்டிருந்தான். இன்று சாயங்காலத்துக்குள் உயிரை விட்டுவிடுவது என்று காலையில் முடிவெடுத்தான். முடிவெடுத்த பிறகாவது கால் ஓயும் என்று நினைத்தான், ஓயவில்லை.

அப்போதுதான் ஹார்ன் சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து பைக்குகள் சேர்ந்து விடாமல் அலறின. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பைக் டாக்சிக்காரன் எவனோ செத்துவிட்டான், கூட்டாளிகள் வண்டியில் பச்சைக் கிளை கட்டிக்கொண்டு அடக்கத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். தன் ஸ்டாண்டுக்காரன் அடக்கத்துக்குப் போகாதவனை அப்புறம் ஒருத்தனும் மதிக்க மாட்டான். சாகப் போகிறவனுக்கு மதிப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பழக்கம் அதையெல்லாம் யோசிப்பதில்லை. கியெயூனே பைக் டாக்சிக்காரர்கள் போடும் மஞ்சள் கோட்டை மாட்டினான், வேலியில் கிளை ஒடித்து ஹேண்டில்பாரில் கட்டினான், வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தான்.

ஊர்வலம் அவன் வாசலிலேயே வந்து நின்றது. முன்னால் ஸ்டாண்டு தலைவர் மயாஞ்சா, பக்கத்தில் கியெயூனேவின் சிநேகிதன் போசா. ஹார்ன்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

“யாருண்ணே செத்தது?” என்றான் கியெயூனே.

மயாஞ்சா அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீதான்டா.”

“மஞ்சக் கோட்டுக்காரன் ஒருத்தன் லாரியில அடிபட்டுட்டான்னு சவாரி வந்த ஆளு சொன்னாரு,” என்று போசா இழுத்தான். “உன் போனும் கிடைக்கல...”

“எவனோ சொன்னா உடனே கிளை ஒடிச்சிருவியா? இந்த ஊர்ல பாதிப் பேரு மஞ்சக் கோட்டுதான்டா, மடையா!” என்று மயாஞ்சா அவன்மேல் பாய்ந்தார்.

“முதல்ல அழுதது நீங்கதானே தலைவரே?”

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். “தன் அடக்கத்துக்குத் தானே கிளை கட்டிட்டு வந்தவன் இவன் ஒருத்தன்தான்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கியெயூனேவும் சிரிக்கத்தான் பார்த்தான். முகம் கோணியது.

“நீங்க தப்பா வரலண்ணே. கொஞ்சம் முன்னாடியே வந்துட்டீங்க. நாளைக்கு வந்திருந்தா சரியா இருந்திருக்கும்.”

சிரிப்பு நின்றுபோனது. போசா வண்டியைப் போட்டுவிட்டு வந்து அவன் கையைப் பிடித்தான்.

“ஆம்பளை பேசுற பேச்சா இது?” என்றான் ஒருவன். “பாதிரியார்கிட்ட கூட்டிட்டுப் போய் ஜெபம் பண்ணலாம்,” என்றான் இன்னொருவன்.

“கால் ஒடிஞ்சா பாதிரியார்கிட்டயா ஓடுவ? ஜெபத்தை அப்புறம் பாத்துக்கலாம், இப்ப ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடு,” என்ற மயாஞ்சா, கியெயூனேவின் சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். “எப்படா கடைசியா தூங்கின?”

“ஞாபகம் இல்லண்ணே.”

மயாஞ்சாவுக்குப் பின்னால் அவனை உட்காரவைத்து, அவனுக்குப் பின்னால் போசா நெருக்கி உட்கார்ந்தான். அவசரத்தில் கிளைகளை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. வழியெல்லாம் சனங்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். செத்தது யார், பாவம் என்று ஒரு வாழைக்காய்க்காரி அவனைப் பார்த்தே கேட்டாள்.

மனநல வார்டு பெஞ்சில் அவனால் இருப்புக்கொள்ள முடியவில்லை. எழுந்தான், நடந்தான், திரும்ப உட்கார்ந்தான். டாக்டர் வர நேரமாகும் என்றாள் நர்ஸ்.

“நீங்கல்லாம் போங்கண்ணே,” என்றான். “சவாரியெல்லாம் வீணாப் போகுது. என்னால எல்லாருக்கும் தொல்லை.”

“என்னடா தொல்லை? உன்னை அடக்கம் பண்ணணும்னு இன்னைக்கு வேலைய எல்லாம் விட்டுட்டுத்தானே வந்தோம்,” என்றார் மயாஞ்சா. “நாள் பூரா உனக்குத்தான். பேசாம உக்காரு.”