அக்கா ஒன்று

...பஜ்ஜி தின்ற விரலோடு அதைத் தொடாதே என்று எத்தனை தடவை சொல்வது, சொன்னால் கேட்கிற ஆளா மச்சான், எண்ணெய் வழியும் நடுவிரலால் லேப்டாப்பின் கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்குகிறான், டும், டக், டிஸ்ஸ்... நான் மேடைக்குக் கீழே ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் குந்திக்கொண்டு ஒயர் சொருகுகிறேன், மணி மூன்று, சிதம்பரத்தில் கல்யாண மண்டபம், சாயங்காலம் ரிசப்ஷன், மத்தியானச் சாம்பார் புளித்த வாடை சமையற்கட்டிலிருந்து இங்கே வரைக்கும் வருகிறது, குமட்டுகிறது. மணவாளன் என் பெண்டாட்டியின் தம்பி, குறிஞ்சிப்பாடியில் மெல்லிசைக் குழு வைத்திருக்கிறான், நான் அந்தக் குழுவுக்குப் பெட்டி தூக்குகிறவன், ஏழு வருஷமாகத் தூக்கி ஒரு பக்கத் தோள் இறங்கியே போய்விட்டது. டும். டக். கச்சேரி நடக்கும்போது எல்லாச் சத்தமும் ஒன்றோடு ஒன்று கலந்துதான் கேட்கும், இப்படி ஒவ்வொன்றாக, காலி மண்டபத்தில், இவன் ஒரு நாளும் அமுக்கிப் பார்த்ததில்லை. அப்போது அந்த அடி வந்தது. தப். அவ்வளவுதான், ஒன்றே ஒன்று. மேளத்தோலில் அடித்த சத்தம் இல்லை, கட்டையில் அடித்ததும் இல்லை, ஈரமாக, உள்ளே வெறுங்கூடாக, அதற்குப் பின்னால் முடியாமல் அறுந்துபோன ஒரு மூச்சு... ஒயரைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

இல்லை, இருக்காது, வயதாகிறது, காதும் கெட்டுப்போயிருக்கும்... பழைய ரிதம் பெட்டி இருந்தவரைக்கும் இந்த வம்பெல்லாம் இல்லை. ரெண்டாயிரத்து அஞ்சில் கடலூரில் யாரோ விற்ற பெட்டியை வாங்கிவந்தான் மணவாளன், அரிசி முறம் அகலம் இருக்கும், மேலே பதினாறு ரப்பர் கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு சத்தம், மேல் வரிசையில் மூன்றாவது கட்டத்தைத் தட்டினால் கைதட்டுகிற சத்தம், அதை நானே ஆள் இல்லாத நேரம் தட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். வேனில் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் போவேன். ஒரு தடவை காடாம்புலியூரில் கரண்டு இறங்கி, தாளம் இழுத்து இழுத்து நின்றுபோய், ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். அந்தப் பெட்டிக்கு யாரையும் தெரியாது. எங்கேயோ கம்பெனியில் செய்த சத்தம், அதற்குச் சாதி இல்லை, சாவு இல்லை. போன வருஷம் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு இந்த லேப்டாப்பு வந்தது, இதில் ஆயிரம் சத்தம் இருக்குது மாமா, வேண்டியதை நாமளே போட்டுக்கலாம் என்றான். நாமளே என்றால்? எதைப் போட்டான்?

“மச்சான், இப்ப அடிச்சியே, அத இன்னொரு வாட்டி அடி.” “எத மாமா?” “கடசியா.” அவன் என்னைப் பார்க்காமல் அமுக்கினான், தப், மூச்சு, தப், மூச்சு... மேடையில் ஏறி அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். தமிழ் எழுத்தை நான் முப்பத்தைந்து வயதில் அறிவொளி வகுப்பில் கற்றேன், இங்கிலீஷ் எழுத்து பெட்டிகளின் மேல் பெயிண்டில் எழுதியதைப் பார்த்துப் பார்த்து வந்தது, சேர்த்துப் படிக்க நேரமாகும், விரல் வைத்துத்தான் படிப்பேன். அவன் அமுக்கும்போது திரையில் ஒரு வரி நீலமாகிறது. ஏ. கே. கே. ஏ. பக்கத்தில் ஒன்று. அதற்குக் கீழே அதே நாலு எழுத்து, ரெண்டு. அதற்குக் கீழே மூன்று. அக்கா. மணவாளனுக்கு இருப்பது ஒரே அக்கா. என் லோகநாயகி.

ரெண்டாயிரத்து ஒம்பது, ஆடி மாசம், எங்கள் மகள் காயத்ரிக்குப் பன்னிரண்டு வயது, நாலு நாள் காய்ச்சல், பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே என் மடியில்... எங்கள் பக்கம் சாவு வீட்டில் மைக் செட் கட்டுவார்கள், ஒப்பாரி நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும். சின்னப் புள்ளைக்கு எதுக்கு மைக்கு என்று பெரியவர்கள் சொன்னார்கள், எங்க அக்கா மவளுக்கு செட்டு இல்லாமயா என்று மணவாளன் ஒரே பிடி. லோகநாயகி பாடவில்லை. அவளுக்குச் சொல் வரவில்லை. மாரில் அடித்துக்கொண்டாள், இரண்டு உள்ளங்கையாலும், சாயங்காலம் வரைக்கும், அவ்வளவுதான். அந்த அடிதான் நாலு தெருவுக்கும் கேட்டது. அதை இவன் பதிந்து, துண்டு துண்டாக அறுத்து, பேர் போட்டு... கறிக்கடையில் கூட இப்படி அறுக்க மாட்டார்களே.

“என்னா மச்சான் இது?” என்றேன். அவன் திரும்பினான், என் முகத்தைப் பார்த்ததும் பாதி பஜ்ஜியைத் தட்டில் வைத்தான். “தப்பா எடுத்துக்காத மாமா. தாளத்துக்கு அடியில ஒரு கனம் வேணும்னு தேடிக்கினே இருந்தேன். காசு குடுத்து வாங்குன சவுண்டு எல்லாம் அட்டப்பெட்டிய தட்டுறாப்ல கெடக்கு. இதுல உசுரு இருக்கு.” “உசுரா? யாரு உசுருடா?” “கத்தாத, சமையக்காரங்க பாக்குறாங்க. எங்க அக்கா தான மாமா, வேத்து ஆளா? ஆறு மாசமா எல்லா கச்சேரியிலயும் ஓடுது, நீயும் பெட்டிமேல சாஞ்சிக்கினு தலய ஆட்டிக்கினுதான இருந்த?” ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அந்தக் குத்துப்பாட்டுக்கு, கூடவே கால் பெருவிரலும்... எனக்கே தெரியவில்லை, கச்சேரி பார்க்க வருகிற லோகநாயகிக்குக் கூட்டத்தில் எப்படித் தெரிந்திருக்கும்? ஆனால் இன்று ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன் என்றாள், பொண்ணு அவளுக்குச் சித்தப்பா வழிப் பேத்தி, மண்டபம் அப்போதும் காலியாகத்தான் இருக்கும், இவன் இப்படி ஒன்று ஒன்றாக அமுக்கினால் முதல் அடியிலேயே கண்டுபிடிப்பாள். தன் மார்பின் சத்தம் தனக்குத் தெரியாதா? கண்டுபிடித்தால் என்ன ஆவாள்? ரெண்டு வருஷமாக அழாதவள்.

“அழி” என்றேன். “அவ வர்றதுக்குள்ள அழி.” “அழிக்கிறேன் மாமா, இன்னா இப்போ” என்று ஏதோ அமுக்கினான், மூன்று வரியும் போய்விட்டன, பிறகு தலையைச் சொறிந்தான். “ஆனா ஒண்ணு. பாண்டி ட்ரூப்பு செம்பியன் கேட்டான்னு குடுத்துட்டேன். அண்ணாமலை நகர் ஆஸ்டல் பசங்க ரெண்டு பேரு பென் டிரைவ்ல ஏத்திக்கினாங்க. அவுனுங்க யாருக்குக் குடுத்தானுங்களோ.” எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான். பழைய பெட்டியாக இருந்தால் மேடையிலிருந்து தூக்கிக் கீழே போட்டிருப்பேன், அதோடு தீர்ந்தது. இதை எதைப் போட்டு உடைப்பது? எந்த ஊரில், எந்தப் பயல், எந்தக் குடிகாரன் ஆட என் பெண்டாட்டியின் நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கிறானோ... இவன் சட்டையைப் பிடித்து ஓர் அறை விடலாம். விட்டால்? நாளைக்கு வேலை இல்லை, அதுகூடப் பரவாயில்லை. கை ஏன் எழவில்லை? ஏன் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் நாக்கு கசக்கிறது. அன்றைக்கு மைக் ஸ்டாண்டு அவளிடமிருந்து நாலு முழம் தள்ளித்தான் இருந்தது, சத்தம் சரியாக விழவில்லை, கரகரவென்றது. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துபோய் ஸ்டாண்டை நகர்த்தி, திருகைத் தளர்த்தி, அவள் மார் உயரத்துக்கு இறக்கி வைத்தேன். யாரும் சொல்லவில்லை. பழகிய கை, தானாகச் செய்தது. அதுதான் இவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது, மூச்சோடு சேர்த்து. இவன்மேல் துப்புவதற்கு என் வாயில் என்ன இருக்கிறது?

நாலரைக்கே வந்துவிட்டாள். பச்சைப் பாலியஸ்டர் புடவை, பையில் மாற்றுப் புடவை, முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். “காலு கடுக்குது, பஸ்ல நின்னுக்கினே வந்தேன்” என்றாள் என்னிடம். மணவாளன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு பாட்டை ஓடவிட்டான், அந்த அடி இல்லாமல். டும், டக், டிஸ்ஸ்... அவன் சொன்னது சரிதான், அட்டைப்பெட்டி போலத்தான் இருந்தது, பல் போன வாய் போல. சீ, என் காது அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு காத்திருந்தது, எனக்கு என்மேலேயே அருவருப்பாக வந்தது. ஆனாலும் நிம்மதி, அவளுக்குத் தெரியாது, இனித் தெரியவும் வேண்டாம். பாட்டு பாதியில் இருக்கும்போது அவள் எழுந்து வெறுங்காலோடு மேடை ஓரம் வந்தாள்.

“ஏண்டா தம்பி, அந்த அடி எங்கடா?”

மணவாளன் பாட்டை நிறுத்தினான். “எந்த அடிக்கா?”

“அதான், தப்புனு வருமே, அடியில. எல்லா பாட்டுக்கும் வச்சிருப்பியே. இன்னிக்கு எங்க?”

“அது... மிஷின்ல எடம் ஜாஸ்தி புடிக்குதுன்னு எடுத்துட்டேன்க்கா.”

“எடுத்துட்டியா” என்றாள். கோபம் இல்லை, அழுகை இல்லை, பஸ் போய்விட்டது என்று யாராவது சொன்னால் எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டுக்கொண்டாள். “அதுக்குத்தான்டா வர்றேன்.” அதற்குமேல் சொல்லவில்லை. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு உள்ளங்கையையும் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். தாளம் பிடித்துப்போய் வருகிறாளா, தெரிந்தே வருகிறாளா... அவள் முகத்தில் தேடினேன், எதையும் படிக்க முடியவில்லை. மணவாளன் மேடையிலிருந்து கண்ணாலேயே கேட்கிறான், திரும்பப் போடட்டுமா மாமா என்று, செம்பியனுக்கு ஒரு போன் அடித்தால் அனுப்பிவிடுவான். ஆறு மாசமாக ஒரு கச்சேரி விடாமல் பஸ் ஏறி வருகிறாள், நான் அதைத் தம்பிமேல் உள்ள பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்...