மூன்றாவது மாற்று ஏற்பாடு

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே காலுக்குக் கரண்ட் போனதும், டேட்டா சென்டரின் நாலாயிரம் சர்வர்களும் ஜெனரேட்டர்காரரின் தூக்கத்தில் ஓடின. பத்தொன்பது நிமிடம். ஒரு விளக்குகூடக் கண்சிமிட்டவில்லை. முறைப்படி, கரண்ட் போனால் பேட்டரி தாங்க வேண்டும். அதற்குள் ஜெனரேட்டர் கிளம்பிச் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்காகவே மாதத்தின் முதல் திங்களன்று ஜெனரேட்டரைச் சும்மா ஐந்து நிமிடம் உறுமவிட்டு, படிவத்தில் டிக் அடிப்பார்கள். சுமையை ஏற்றிப் பார்த்ததில்லை. ஏற்றி ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? அன்று நிஜமாகவே சுமை ஏறியதும் அது இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துவிட்டது. பேட்டரிகளும் கைவிரித்தன. சாப்பிட்ட மயக்கத்தில் இருந்த ஜெனரேட்டர்காரர் பதறிப்போய் மின்பெட்டியில் கை வைத்தார். கண்ணைச் சொருகிக்கொண்டிருந்த தூக்கம் உள்ளங்கை வழியாக இறங்கிப் போயிற்று.

விசாரணைக்கு வந்த இன்ஜினியர் அவரை மீட்டர் வைத்து அளந்தார். சீரான மின்னழுத்தம், புகை இல்லை, டீசல் வேண்டாம். ஜெனரேட்டரைப் பழுதுபார்க்கும் பேச்சு அன்றோடு முடிந்தது. ஜெனரேட்டர்காரர் சட்டையில் ‘மாற்று ஏற்பாடு – 3’ என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். படிவத்திலும் ஒரு வரி சேர்ந்தது. முதல் திங்களன்று மேனேஜர் கேட்பார், “கொட்டாவி வருதா?” “வருது சார்.” டிக்.

ஆறு வருடத்தில் கரண்ட் நூற்றுப் பன்னிரண்டு முறை போனது. வீட்டில் அவர் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பார். “ஏங்க, தூங்கிட்டீங்களா?” என்பாள் மனைவி. “தூங்கினா உன்னை எழுப்பிச் சொல்லமாட்டேனா?” என்பார். செருப்பை ஃப்ரிட்ஜில் வைக்கத் தொடங்கினார். பெற்ற மகளைப் பார்த்து, “நீங்க யாரும்மா?” என்று மரியாதையாகக் கேட்ட அன்று லீவு கேட்டுப் போனார். மேனேஜர் உண்மையிலேயே வருந்தினார். “உங்களுக்கு லீவு குடுத்தா, மாற்று ஏற்பாட்டுக்கு ஒரு மாற்று ஏற்பாடு வேணுமே.”

அடுத்த முதல் திங்களன்று மனைவி தலையணையோடு வந்து நின்றாள். “ஆறு வருஷமா கொட்டாவியத்தான பாத்தீங்க? உள்ள தூக்கம் மிச்சம் இருக்கான்னு யாராச்சும் பாத்தீங்களா? கரண்டை நிறுத்துங்க, பாத்துடலாம்.” மேனேஜர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் தன் ஷூவைப் பார்த்தார். பிறகு போய்க் கரண்டை நிறுத்தினார். அந்தக் கட்டடத்தில் சுமையோடு நடந்த முதல் சோதனை அதுதான். ஜெனரேட்டர்காரர் நாலு வினாடி தாங்கினார். பிறகு நாலாயிரமும் ஒன்றாக அடங்கின. வருடக்கணக்கான இரைச்சல் நின்ற அந்த அமைதியில், அவர் மின்பெட்டியில் சாய்ந்தபடியே தரையில் சரிந்தார். மனைவி தலையணையைத் தலைக்கடியில் செருகினாள். மேனேஜர் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

“கையை எடுங்க சார்,” என்றாள் மனைவி.

எடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்துக் கண் விழித்த ஜெனரேட்டர்காரர் முதலில் கேட்டது, “பாப்பா ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?”

இப்போதும் மாதத்தின் முதல் திங்கள் மதியம் இரண்டு மணி நேரம், பல நாடுகளின் திரைகளில் ‘பராமரிப்பு நடைபெறுகிறது’ என்று வரும். ஆரம்பத்தில் திட்டியவர்கள் இப்போது மேஜையில் தலை சாய்த்துக்கொள்கிறார்கள். படிவத்தில் ‘கொட்டாவி’ என்ற வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் ‘குறட்டை’ என்று எழுதியிருக்கிறது. அதற்கு எதிரே டிக்.