ஞானத்தகப்பன் கையெழுத்து

வழக்கறிஞர் காமினியின் மேசையில் என் மகள் கிளாரிஸின் ஞானஸ்நானச் சான்றிதழை வைத்தேன். ஞானத்தகப்பன் என்ற இடத்தில் என் கணவரின் தம்பி கிளிஃபர்ட் பெயர் இருந்தது.

"அக்கா, இது சர்ச் சர்டிபிகேட் லா. கோர்ட்டுக்குப் பத்தாது. உங்களுக்கு ஏதாச்சும் ஆனா கார்டியனா இருக்க ஒத்துக்கிறேன்னு அவரு தனியா கையெழுத்துப் போடணும்" என்றார் காமினி.

கிளாரிஸுக்குப் பதினைந்து வயது. டவுன் சிண்ட்ரோம். தலை வாரிக்கொள்வாள், தனியாகச் சாலையைக் கடக்க மாட்டாள். அவள் அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. எனக்கு அடுத்த வாரம் மார்பில் அறுவை சிகிச்சை. 'உனக்குப் பிறகு யார்?' என்று கேட்டவர்களிடமெல்லாம், 'ஞானத்தகப்பன் இருக்கிறாரே' என்று பெருமையடித்துக்கொண்டேன். சம்பந்தப்பட்டவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீடத்தின் முன்னால் சொன்ன வாக்கு போதும் என்று நம்பிய மடச்சி நான்.

கிளிஃபர்ட் பாயான் பாரு ஃபேக்டரியில் லீவு போட்டு வந்திருந்தான். கிளாரிஸ் அவனை ஒட்டி உட்கார்ந்து, அவன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். காமினி நீட்டிய ஒப்புதல் தாளை இரண்டு முறை படித்தான். பேனாவைத் தொடவில்லை.

"அண்ணி, ஞானஸ்நானத்துல சொன்னது வேற, இது வேற லா. செபம் சொல்லிக் குடுக்கணும், பூசைக்குக் கூட்டிட்டுப் போகணும், அதானே ஞானத்தகப்பன் வேலை. எம் பொண்டாட்டி இதுக்கு ஒத்துக்க மாட்டா."

"ஃபாதர் முன்னால மெழுகுதிரி புடிச்சப்ப பொண்டாட்டியக் கேட்டியா?"

"இந்த மாதிரிப் பிள்ளைங்கள வச்சிப் பாத்துக்கிற நல்ல ஹோமா பாத்து நான் விசாரிக்கிறேன் அண்ணி."

ஹோமாம். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் அவளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியவன் இவன்.

கிளம்ப எழுந்தான். கிளாரிஸும் எழுந்து, எப்போதும்போல் நெற்றியை நீட்டினாள். சிலுவை போட அவன் கட்டைவிரலைக் கொண்டுவந்தான். தட்டிவிட்டேன்.

"தாள்ல கையெழுத்துப் போடாத கை இவ நெத்திக்கு வேணாம்."

தலையைக் குனித்துக்கொண்டு போய்விட்டான். கிளாரிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. கதவைப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். பிறகு நெற்றியை என்னிடம் நீட்டினாள். நான் சிலுவை போட்டேன்.

காமினி பொறுத்திருந்து கேட்டார்.

"வேற யாரு பேரு போடலாம் அக்கா?"

தெரிந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். சொல்ல ஒரு பெயரும் இல்லை.