பூண்டுத் தண்ணி கேக்குது

என் வீட்டுக்காரருக்குக் கொழுப்பு அதிகம் என்பதை ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா என்ன? பதினெட்டு வருஷமாக நான் சும்மாவே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் அதைக் காகிதத்தில் காட்டினார். கெட்ட கொழுப்பு நூற்று எண்பத்தாறு. இவருடைய அப்பா நாற்பத்தொன்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. டாக்டர் காகிதத்தைக் காட்டிய அன்று இவருக்கு நாற்பத்தெட்டு.

தினம் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் இவர் மாத்திரை அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இது கல்லீரலைத் தின்னுடும். ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விட முடியாது."

சொன்னது கைபேசியில் வரும் ஒரு வீடியோ ஆசாமி. வெள்ளைக் கோட்டு, பின்னால் ஒரு பூந்தொட்டி. வெண்ணெயை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், கொழுப்புதான் கொழுப்பைக் கரைக்கும் என்று அவர் சொல்ல, இவர் தலையை ஆட்டினார். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை மூன்றையும் கொதிக்க வைத்து, ஆறியதும் தேன் விட்டு, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்தால் ரத்தக்குழாய் சலவை செய்த மாதிரி ஆகிவிடுமாம்.

மூன்று நாள் சண்டை போட்டேன். இவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற மனுஷன் கடுகளவு மாத்திரைக்குப் பயந்தார். நாலாவது நாள் குப்பைக் கூடையிலிருந்து அட்டையை எடுத்துத் துடைத்தேன். பூண்டுத் தண்ணி வைக்கிற வேலை எப்படியும் என் தலையில்தானே. இரண்டு கரண்டிக்கு நடுவில் ஒரு மாத்திரையை வைத்து நசுக்கி, ஆறின தண்ணியில் கலக்கிக் கொடுத்தேன். அந்த நாற்றத்துக்கும் காரத்துக்கும் நடுவில் செருப்பைக் கரைத்துக் கொடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது. சப்புக்கொட்டிக் குடித்தார்.

அட்டை தீர்ந்தபோது டாக்டர் சீட்டைக் காட்டி நானே வாங்கி வந்தேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவர் உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்ததில் தொண்ணூற்று நாலு. ரிப்போர்ட்டைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கே சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "பாத்தியா? நீ நம்பல" என்று சிரித்தார். சொன்னால் மாத்திரையையும் கொட்டுவார், என்னையும் நம்ப மாட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது ஜெராக்ஸ் கடையில். ஊருக்கெல்லாம் தெரியட்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, நோட்டீஸை நானே டைப் அடித்தேன். மேலே செய்முறை, கீழே பழைய ரிப்போர்ட்டும் புது ரிப்போர்ட்டும் பக்கத்தில் பக்கத்தில். இருநூறு காப்பி எடுத்த பிறகுதான் 'வெதுவெதுப்பான' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பதைப் பார்த்தேன். 'வெதுவெப்பான' என்றிருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் வேலைக்குப் போகிற கட்டடத்திலெல்லாம் லிஃப்டுக்குள், அவசர எண்ணுக்குக் கீழே ஒட்டினார். மூன்றாவது மாடியில் ஏறி ஆறாவதில் இறங்குகிறவர் இதைப் படித்துக் கிழிக்கப் போகிறாரா என்று நினைத்துக்கொண்டேன்.

படித்தது என் அண்ணி. இவருடைய அக்கா.

அண்ணி முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே உட்கார்ந்து பேசினாலும் மூன்று வாக்கியத்துக்கு ஒரு தடவை "கேக்குதா?" என்பார். குழந்தைகள் எல்லாம் அவரைக் கேக்குதா அத்தை என்றே கூப்பிடும். இரண்டு வருஷம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து காலையும் மாலையும் மாத்திரைகள், வயிறு எரிகிறது என்று புலம்பல்.

ஒரு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. நான் கரண்டியில் மாத்திரையை நசுக்கி முடித்திருந்தேன். இவர் மேஜையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஹலோ, கேக்குதா?"

"கேக்குது அண்ணி, சொல்லுங்க."

"மாத்திரையெல்லாம் விட்டுட்டு நீயும் இதைக் குடின்னு தம்பி தினம் நச்சரிக்கிறான். அவன் ஒண்ணை ஒம்பதாச் சொல்றவன். நீ சொல்லு, நீ பொய் சொல்ல மாட்டே. அந்தத் தண்ணி கேக்குதா?"

இவர் வெண்ணெய்க் கத்தியோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். என் விரல் நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"கேக்குது அண்ணி" என்றேன்.

"ஆனா டாக்டரை ஒரு வார்த்தை" என்று நான் இழுப்பதற்குள் இவர் போனை வாங்கிக்கொண்டு, "சொன்னேன்ல!" என்று ஆரம்பித்துவிட்டார்.

இவர் இல்லாத நேரத்தில் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். இரண்டு தடவை எண்ணை எடுக்கவும் செய்தேன். அண்ணி வாயில் எதுவும் தங்காது. தம்பியிடம் போய்விடும். நாளைக்கு, நாளைக்கு என்று ஏழு வாரம் ஓடியது. லைன் சரியாகக் கேக்குதா என்றுதான் அவர் கேட்டதாகவும், கேக்குது என்று நான் சொன்னதாகவும்கூட எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்த அளவுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கடையில் ஒரு கட்டுக் காகிதத்துக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி மகள் கூப்பிட்டாள். அம்மா சமையலறையில் விழுந்துவிட்டாள், வாய் கோணிவிட்டது, பேச்சு வரவில்லை. சரி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மிச்சக் காகிதங்களையும் அடித்து முடித்தேன். வாடிக்கையாளர்தான், "ஏம்மா, கையில ரத்தம்" என்றார். ஸ்டேப்ளர் பின் விரலில் ஏறியிருந்தது. பிடுங்கிப் போட்டேன். வலிக்கவில்லை. எதுவுமே வலிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். அண்ணி மகள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். என் தாள். டாக்டர் 'வெதுவெப்பான' என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, கீழே போனார்.

"இது யார் ரிப்போர்ட்?"

இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "என்னுதுங்க."

"மாத்திரை எதுவும் எடுக்காமலா?"

"ஒண்ணுகூட இல்ல டாக்டர்." அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"பூண்டு கெடுதல் இல்ல. ஆனா இவ்வளவு இறக்காது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார் டாக்டர். "இவங்க ரத்தம் உறையாம இருக்கறதுக்குக் கொடுத்த மாத்திரையையும் சேத்து நிறுத்திட்டாங்க. அதான் மூளைக்குப் போற குழாய்ல அடைப்பு."

வராந்தாவில் இவர் என் பக்கம் திரும்பினார். "அவ அளவு தப்பாப் போட்டிருப்பா. எனக்குக் கேட்டுச்சே, அவளுக்கு ஏன் கேக்கல?"

அழுவேன் என்று நினைத்தேன். வரவில்லை.

மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து அவரே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தண்ணி வைத்து, ஒரு டம்ளர் தான் குடித்துவிட்டு, மிச்சத்தைப் பிளாஸ்கில் ஊற்றினார். "மூக்குல குழாய் போட்டிருக்காங்கல்ல, நர்ஸ் அந்தப் பக்கம் போறப்ப அதுல கொஞ்சம் விட்டுடலாம்" என்றார். நான் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு, அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அண்ணி கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். "பேசுங்க. காதுல விழும். பதில்தான் வராது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அண்ணி மகள் குனிந்து, "அம்மா, கேக்குதா?" என்றாள். இவர், "அக்கா, நான் வந்திருக்கேன், கேக்குதா?" என்றார். ஆயுசு முழுக்க அண்ணி எல்லாரையும் கேட்ட கேள்வி. இவர் பிளாஸ்கின் மூடியைத் திருகத் தொடங்கினார்.

நான் அண்ணியின் இடது கையைப் பிடித்தேன். அந்தப் பக்கம்தான் உயிர் இருந்தது.

"அண்ணி, அந்தத் தண்ணி கேக்கல. தினம் நான்தான் அதுல மாத்திரையைப் பொடி பண்ணிப் போட்டேன். அவருக்கு இறங்கினது அதனாலதான். நீங்க போன்ல கேட்டப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். கேக்குதா அண்ணி?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு கையை என் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார்.

பின்னால் மூடி திருகும் சத்தம் நின்றிருந்தது. திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். இவர், "இன்னைக்கு நானே வெச்சுக் குடிச்சேனே, அதுல?" என்று கேட்டார்.

"அதுல இல்ல."

"அப்போ இன்னைக்கு நான் மாத்திரை போடல."

"போடல."

பிளாஸ்கைத் தரையில் வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். நான் அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி வைத்தேன். தண்ணீர்கூடக் கேட்காமல் வாயில் போட்டு விழுங்கினார். அது அவருடைய தொண்டையில் இறங்குவதை அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார்.