இடது பக்கத்து இருக்கை

பிரான்சுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வருகிற எங்கள் ஆங்கிலேயத் தம்பதிகள் எல்லோருக்கும் ஒரே சண்டைதான். எங்கள் காரில் ஸ்டியரிங் வலது பக்கம். இங்கே டோல்கேட் மெஷின் இருப்பதோ இடது பக்கம். புருஷன் வலது பக்கம் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். இடது பக்கம் இருக்கிற பெண்டாட்டிதான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டு டிக்கெட்டை இழுக்க வேண்டும், கார்டை நுழைக்க வேண்டும், வழியை மறிக்கும் கட்டை எழும்பாவிட்டால் திட்டும் வாங்க வேண்டும்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை என்னுடையது. காருக்குப் பின்னால் கேரவன் வேறு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளே வைத்த ஒரு குட்டி வீட்டைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு வருகிறோம். அது மெஷின் மேடையில் உரசிவிடும் என்று நைஜல் எப்போதும் ஒரு முழம் தள்ளித்தான் நிறுத்துவான். "ஏன்டா, எனக்கென்ன குரங்குக் கையா?" என்று நான் கத்துவேன். "எக்கு, எக்கு" என்பான். அதோடு பிரான்ஸ் பயணம் ஆரம்பமாகிவிடும்.

இந்த ஜூன் மாதம், கலே துறைமுகத்தைத் தாண்டி முதல் டோல்கேட்டில் அவன் நிறுத்திய இடத்தைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. மெஷின் என் ஜன்னலுக்கு நேராக, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. முழங்கையை மடக்கியபடியே டிக்கெட்டை எடுத்துவிட்டேன்.

"என்ன இன்னைக்கு இவ்வளவு கிட்ட நிறுத்திட்ட?"

"உனக்குத்தானே கை எட்டலைன்னு சொல்லுவ."

"இருபத்திரண்டு வருஷமா சொல்றேன். இப்பதான் காதுல விழுந்துச்சா?"

"நல்லது செஞ்சாலும் திட்டு, செய்யாட்டியும் திட்டு" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியைக் கிளப்பினான்.

என் புருஷன் தானாகத் திருந்துகிற ஜாதி இல்லை. யாரோ திருத்தியிருக்கிறார்கள். யார் என்பதும் எனக்குத் தெரியும். வெண்டி.

போன செப்டம்பரில் என் மகள் லோர்னாவுக்கு இரண்டாவது பிரசவம். நான் மூன்று வாரம் அவள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். கேரவன் நிறுத்தப் பதிவு செய்த இடம் வீணாகக் கூடாதென்று நைஜல் தனியாகக் கேரவனை இழுத்துக்கொண்டு பிரான்சுக்கு மீன் பிடிக்கப் போனான். திரும்பி வந்தவனிடம், "இடது பக்கம் ஆள் இல்லாம டோல்கேட்டை எப்படிச் சமாளிச்ச?" என்று கேட்டேன். "அந்தப் பக்கமே போகலையே. ஊர்வழியாவே போயிட்டு வந்தேன்" என்றான். சரியென்று விட்டுவிட்டேன். ஆனால் மறுநாள் காரில் ஏறினால் என் இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளிக் கிடந்தது. காலை நீட்டினாலும் முன்னால் எதிலும் முட்டவில்லை. கேட்டதற்கு, "மீன் பெட்டி வச்சிருந்தேன்" என்றான்.

வெண்டி எங்கள் கேரவன் கிளப்பில் இருக்கிறாள். புருஷன் செத்து நான்கு வருஷம் ஆகிறது. தன் கேரவனைத் தானே இழுத்துக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றுகிற தைரியசாலி. போன செப்டம்பரில் அவளும் பிரான்சில்தான் இருந்தாள். அது முதல் என்னைக் கண்டாலே டீக்கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போகிறாள். மார்ச் மாதக் கூட்டத்தில் மட்டும் கிட்ட வந்து, "இந்த வருஷமும் நைஜல்தான் ஓட்டுறானா?" என்று கேட்டாள். "பின்ன நீயா ஓட்டப்போற?" என்றேன். முகம் வெளுத்துப்போய் நகர்ந்துவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு என்று அப்போதே முடிவு கட்டினேன்.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. வெண்டி என்னைவிடக் குட்டை. அவள் உட்கார்ந்திருந்தால் இருக்கை முன்னால்தானே போயிருக்கும்? பின்னால் தள்ளிச் சாய்ந்து தூங்கியிருப்பாள் என்று நானே அதற்கும் ஒரு பதிலைச் செய்துகொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது!

இந்தப் பயணத்தில் கேட்டுத் தீர்ப்பது, உண்மை என்றால் அப்படியே ரயிலேறி வீட்டுக்குப் போவது, நாற்பது வருஷக் கல்யாணத்தை அத்தோடு முடித்துக்கொள்வது. இதுதான் என் திட்டம். பாஸ்போர்ட்டைக்கூட என் கைப்பையில் தனியாக எடுத்து வைத்திருந்தேன்.

மதியம் சாலையோர ஓய்விடத்தில் நிறுத்தினோம். கேரவன் படியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சீஸ் சாண்ட்விச்சைத் தின்றோம். ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றியபடி ஆரம்பித்தேன்.

"வெண்டி எங்க இருக்கா இப்ப?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"அம்மா தாயே, சாப்பிட விடுறியா?"

அவன் காது சிவந்துபோனது. பொய் சொன்னால் அவனுக்கு நாக்கு குழறாது, காதுதான் காட்டிக்கொடுக்கும். மாட்டிக்கொண்ட பயம் என்று நினைத்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவினேன்.

மூன்று மணிக்கு அடுத்த டோல்கேட் வந்தது. இங்கே டிக்கெட்டைப் போட்டுப் பணம் கட்ட வேண்டும். நைஜல் மறுபடியும் கச்சிதமாகக் கிட்ட நிறுத்தினான். நான் டிக்கெட்டைச் செருகினேன். திரையில் வந்த தொகையைப் பார்த்து எனக்கு மூச்சு நின்றது. எங்கள் கேரவனின் உயரத்தைப் பார்த்து மெஷின் எங்களை லாரி என்று நினைத்துவிட்டது.

"நைஜல், லாரிக்கான காசைக் கேக்குது!"

"கட்டாதே. ஆளைக் கூப்பிடு."

"எங்கேர்ந்து கூப்பிடறது? பொத்தானே காணோம்!" பின்னால் நின்ற பிரெஞ்சுக்காரன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

நைஜல் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கண்ணாடியில் பின்னால் இருந்த வரிசையைப் பார்த்தபடியே சொன்னான். "காசு போடுற இடத்துக்கு அடியில இருக்கு. நேரா உட்கார்ந்தா தெரியாது. இடது முட்டியைக் கதவுல ஊன்றி, இடுப்பைத் தூக்கி எட்டிப் பாரு. மணி படம் போட்டிருக்கும். தட்டினா கேக்காது, கட்டைவிரலால அமுக்கிப் பிடி."

அவன் சொன்னபடியே முட்டியை ஊன்றி எக்கினேன். மணி படம் இருந்தது. அமுக்கிப் பிடித்தேன். மெஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் பிரெஞ்சில் கேட்டாள். "கேரவன், கேரவன்" என்று கத்தினேன். அவள் கேமராவில் பார்த்திருப்பாள் போலும், தொகை இறங்கியது. கார்டை வைத்தேன். கட்டை மேலே போனது.

நைஜல் கியரில் கை வைத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இடது முட்டியைக் கதவில் ஊன்றவேண்டும் என்று வலது பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? வெண்டி சொல்லித் தெரிந்திருக்காது. உட்கார்ந்து, எக்கி, தேடியவனுக்குத்தான் தெரியும். கடைசிவரை பின்னால் தள்ளிக் கிடந்த அந்த இருக்கை நினைவுக்கு வந்தது. ஆறடி மனிதனின் கால் நீட்ட வேண்டிய இடம் அது.

"போன வருஷம் இந்த இருக்கையில நீதான் உட்கார்ந்திருந்தியா?"

அவன் மேலே போன கட்டையைப் பார்த்தான்.

"வெண்டிதான் ஓட்டினாளா?"

"கட்டை திறந்திருக்கு, மோரின். போகலாம்."

"ஏன் அவ ஓட்டினா? என்னையே ஒரு நாள் இந்த ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்ல. அவகிட்ட ஏன் குடுத்த?"

ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. நான் சாவியைத் திருகி உருவிவிட்டேன். என்ஜின் நின்றது. இனி இந்தப் பிரான்ஸ் முழுக்க வரிசையில் நின்று கத்தினாலும் எனக்குக் கவலை இல்லை.

நைஜல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கண்ணு இருட்டிடுச்சு. ஓட்டிட்டிருக்கும்போது. எவ்வளவு நேரம்னு தெரியல. முழிச்சுப் பாத்தா வண்டி ஓரத்துக் கம்பியில உரசிட்டு நிக்குது. வெண்டி பின்னாலயே வந்திட்டிருந்தா. அவ காரையும் கேரவனையும் ஒரு கேம்ப்ல விட்டுட்டு, என்னைக் கலே வரைக்கும் அவதான் கொண்டுவந்து விட்டா."

"டாக்டர்?"

"போகல. போனா லைசென்சைப் பிடுங்கிடுவான். அப்புறம் கேரவனை வித்துட வேண்டியதுதான். உன்கிட்ட சொல்லிடுன்னு வெண்டி உயிரை எடுத்தா. டாக்டரைப் பாத்துட்டேன், எல்லாம் சரியாயிடுச்சுன்னு அவகிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

"அதுக்கப்புறம் வந்துச்சா?"

அவன் காது சிவக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"ரெண்டு தடவை. ஒண்ணு தோட்டத்துல." என் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். "இன்னொண்ணு போன செவ்வாய்க்கிழமை. சிக்னல்ல நின்னப்போ."

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் பேத்தி, லோர்னாவின் மூத்தவள் ஹேட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவது அவன்தான். அவளுக்கு ஆறு வயது.

"பின்னாடி அவ இருந்தாளா?"

"தாத்தா, பச்சை விழுந்துடுச்சுன்னு அவதான் எழுப்பினா" என்றான்.

அந்த நிமிஷம் எனக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. அவன் வெண்டியோடு படுத்திருக்கக் கூடாதா? அதுவாக இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன், நாலு தட்டை உடைத்திருப்பேன், ரயிலேறிப் போயிருப்பேன். எல்லாவற்றுக்கும் தயாராகத்தானே வந்தேன். இதற்கு மட்டும் தயாராக வரவில்லை.

கதவைத் திறந்து இறங்கினேன். மெஷின் மேடைக்கும் காருக்கும் நடுவில் ஒல்லியானவள்கூட நுழைய முடியாது, நான் நுழைந்தேன். காரின் முன்பக்கம் சுற்றிப் போய் அவன் கதவைத் திறந்தேன்.

"இறங்கு."

"நீ கேரவன் இழுத்ததே இல்ல."

"நான் இன்னும் மயங்கி விழவும் இல்ல. இறங்குடா."

இறங்கினான். சுற்றிப் போய் இடது பக்கம் உட்கார்ந்தான். எனக்கு ஸ்டியரிங் எட்டவில்லை, இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன். பின்னால் ஒன்றரை டன் வீடு. இரண்டு தடவை என்ஜின் அணைந்தது. மூன்றாவது தடவை வண்டி நகர்ந்தது. மாட்டு வண்டி வேகத்தில் கட்டையைத் தாண்டி, இருநூறு அடி தள்ளி, ஓரத்தில் லாரிகள் நிற்கிற இடத்தில் கோணலாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். எங்களைக் கடந்துபோன பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவரும் கையாலேயே என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

"கேரவனை வித்துடுவியா?" என்று நைஜல் கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. பக்கத்தில் எங்கே ஆஸ்பத்திரி என்று போனில் தேடினேன். டாக்டர் கேட்பார், எவ்வளவு நேரம் நினைவில்லாமல் இருந்தான், கை கால் இழுத்ததா, என்ன பேசினான் என்று. அதெல்லாம் நைஜலுக்கே தெரியாது. பார்த்தவள் ஒருத்திதான்.

ஒன்பது மாதமாக மனதுக்குள் சபித்துக்கொண்டிருந்தவளின் நம்பரைத் தேடி அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"மோரின், நைஜல் உயிரோட இருக்கானா?"

"இருக்கான்" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.