மேலாளர் அறைக் கேபிள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள், உள்ளே வருவார். முதலில் எழுதிய வரி: "பரிசோதனைக்கூடத்தின் கணினிகள் எல்லாம் ஒருசேரக் காய்ச்சலில் விழுந்த காலையில்..." (அடித்துவிட்டேன். கணினிக்கு ஏது காய்ச்சல்? அழகு காட்ட வந்த வரி.)

2

நேராகவே சொல்கிறேன். ரத்தப் பரிசோதனைக்கூடம். கேபிள் வழியாகக் கணினிக்குக் கணினி தானே தாவும் வைரஸ். துடைக்க வேண்டியவள் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண், வீட்டின் முதல் பட்டதாரி. எல்லாக் கேபிளையும் பிடுங்கினாள், ஒவ்வொன்றாகத் துடைத்தாள், திரும்பச் சொருகினாள். தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் மறுபடி படுத்துவிட்டன.

"சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் வரலன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்மா," என்றார் மேலாளர்.

"மன்னிச்சிடுங்க சார்."

(சத்தியமாக இதை நான் எழுதவில்லை. தானாக வந்தது.)

3

அழித்தேன். அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, குரலை உயர்த்தி... மன்னிச்சிடுங்க சார். அடுத்த வரைவில் வாயே திறக்காதவளாக்கினேன். வாசல்வரை போனவள் திரும்பி நின்று, மன்னிச்சிடுங்க சார்!

எங்கிருந்து தொற்றுகிறது? தேடிப் போனால், வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் செருப்பு மாட்டும்போது அம்மா சொன்னது: "தப்பு யாருதா இருந்தாலும் நீ ஒரு மன்னிப்பு கேட்டுடுடி. கேட்டா முத்தா உதிர்ந்துடும்?" வீட்டுவேலை பார்த்தே மகளைப் படிக்கவைத்த அம்மா. (அம்மாவுக்கு யாரிடமிருந்து தொற்றியது என்று தேடினால் கதை நூறு பக்கம் போகும்.)

4

வரவேற்பு மேசை அக்காதான் கேட்டாள்.

"எல்லாத்தையும் பிடுங்கினியா? சார் ரூம்ல?"

"அவரோடது சுத்தம்னு அவரே சொன்னாருக்கா."

"அவரே சொன்னாரா! ஜுரம் வந்தவனும் எனக்கு ஒண்ணுமில்லன்னுதான்டி சொல்லுவான்."

(சரி, காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது. அக்கா சொன்னால் பொருந்துகிறது.)

5

மறுபடி எல்லாக் கேபிளையும் பிடுங்கினாள். பிறகு, இதுவரை எந்த வரைவிலும் நுழையாத அறை. கதவைத் தட்டவில்லை. அவர் காலடியில் குனிந்து இழுத்தாள்.

"ஏய், யாரைக் கேட்டுப் பிடுங்கின?"

நிமிர்ந்தாள். கேபிள் நுனி கையில். உதடு பிரிகிறது.

"மன்னி

(இல்லை.)

வேலை போகட்டுமா, இருக்கட்டுமா? உங்கள் இஷ்டம். அவள் கத்தலாம், சிரிக்கலாம், "தள்ளி உட்காருங்க" என்று கணினியைத் திறக்கலாம். அடுத்த வரி உங்களுடையது. அந்த இரண்டு வார்த்தை மட்டும் வேண்டாம். அதை எழுதினால் கேபிளைத் திரும்பச் சொருகுவது நீங்கள்.